துண்டுக்குள் குடிபோன ஊற்று

முதலில் வந்தது சத்தம்தான். பேருந்து எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்த அந்த மலைப்பாதையில் விடுதியும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை, இரண்டடிக்கு அப்பால் எதுவுமே தெரியாமல் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரு பெரிய அண்டாவுக்குள் யாரோ ஓயாமல் குடம் குடமாகக் கவிழ்த்துக்கொண்டே இருப்பது போல. என் மனைவி பேச்சியம்மாள் நின்று, தலையில் சுற்றியிருந்த கம்பளித் துணியை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினாள்.

"ஏங்க, நம்ம ஐந்தருவி சத்தம் மாதிரில்லா கேக்கு?"

"அருவி இல்லட்டி. ஊத்து. வெந்நி ஊத்து."

"வெந்நிக்கு இம்புட்டு சத்தமா? நான் அண்டா நிறைய வெந்நி போட்டாக்கூட ஒரு பய எந்திரிக்க மாட்டான்."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அது பெரிதாகப் பெரிதாக விடுதி வந்தது.

நான் கோமதிநாயகம், தென்காசிக்காரன். டோக்கியோவுக்கு வடக்கே ஒரு சாப்பாட்டுப் பெட்டித் தொழிற்சாலையில் பதின்மூன்று வருஷமாக ராத்திரி வேலை. நகர்ந்து வருகிற பெட்டி ஒவ்வொன்றிலும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயில் ஒரு வில்லை வைக்க வேண்டும், அவ்வளவுதான், வில்லை மூலையில் சரியாக உட்கார வேண்டும். ஆறு பேர் படுக்கிற அறையில் பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுக் கிடந்து, இருட்டினதும் எழுந்து போய், விடிந்ததும் வந்து விழுந்து, வெயிலை நான் முகத்துக்கு நேரே பார்த்தே பல வருஷமாகியிருந்தது. பேச்சி முதல்முறையாக விசா வாங்கிப் பதினைந்து நாளுக்கு வந்திருந்தாள். வரும்போது எனக்கென்று சிவப்புக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் பெட்டியில் எத்தனையோ இருந்தன, ஆனால் இந்தக் கதைக்கு அந்தத் துண்டு போதும்.

விடுதியை நடத்துகிற கிகுனோ அம்மாள் வாசலில் மண்டியிட்டு வரவேற்றாள். அறுபது வயதிருக்கும். செருப்பைக் கழற்றுகிற இடம், அறைக்குள் போட்டுக்கொள்ள வேண்டிய யுகாத்தா என்கிற பருத்தி அங்கி, தத்தாமிப் பாய் மேல் பெட்டியை இழுக்காமல் தூக்கிப் போக வேண்டிய விதம், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குளியலுக்கு வந்தாள். முதலில் சின்ன மணையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும், அழுக்கெல்லாம் போன பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும், இறங்கும்போது உடம்பில் நூல்கூட இருக்கக் கூடாது, துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம், தண்ணீரில் மட்டும் படக்கூடாது. அவர்கள் பேசியது அவர்கள் பாஷை. பதின்மூன்று வருஷத்தில் அது என் காதுக்குள் நுழையும்போதே நம் பேச்சாகிவிடும், அப்படியேதான் எழுதுகிறேன்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் பேச்சி.

"சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுதாவ."

"இதுக்கா இவ்வளவு நேரம்?"

நூலைப் பற்றிய பகுதியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் குளிப்பதைப் பற்றி ஒருவர் சொல்லித் தருவதா என்ற எரிச்சல் கொஞ்சம். மிச்சம் வெட்கம். ஆயிரம் பேர் நிற்கிற அருவியில் எண்ணெய் வழிய வழிய நின்றிருக்கிறேன், ஆனால் இடுப்பில் துண்டில்லாமல் ஒருநாளும் நின்றதில்லை. தனியாகக் கிணற்றில் குளித்தாலும் எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் துண்டை அவிழ்க்க மாட்டார்கள். தண்ணிக்கும் கண்ணு இருக்குடா என்று அம்மா சின்ன வயதில் சொன்னது, இன்னும் இடுப்பிலேயே கட்டியிருக்கிறது.

அதனால் யாரும் வராத நேரமாகப் பார்த்து, சாயங்காலம் நாலு மணிக்கு, ஊரில் எல்லோரும் அடுப்படியில் இருக்கிறபோது, ஆண்கள் பக்கத்துக்குப் போனேன். மரத்தொட்டி, பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். மேலே ஒரு மரக்குழாய் வழியாக ஊற்று விழுந்துகொண்டிருந்தது, அறுநூறு வருஷமாக ஒரு நொடி நிற்காமல் விழுவதாகச் சொன்னார்கள். மணைக்கு எதிரே ஒரு கண்ணாடி. அதில் ஒரு ஆள் தெரிந்தான், மண்சட்டிக்கு அடியில் வெளிச்சம் படாமல் முளைத்த பயறு போல வெளிறிப்போய், வயிறு தொங்கி, இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும் கறுப்பாக. அந்த ஆளுக்கு எதிரே உட்கார்ந்து அவனைத் தேய்த்துக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. வெளியே தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டதும், கழுவாமல், அவிழ்க்காமல், கட்டிய துண்டோடு தொட்டியில் இறங்கிவிட்டேன்.

சுகமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகும். இடுப்பைச் சுற்றித் துண்டு மெல்ல உப்பி மேலே வந்தது. யாரோ வந்து கட்டிக்கொள்வது போல இருந்தது. காலடிச் சத்தம் கடந்து போய்விட்டது. நூறு எண்ணிவிட்டு எழுந்து, துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யுகாத்தாவைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். நாலாவது அடி வைத்தபோது சத்தம் நின்றது.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே கல்யாணம் செய்து, அதற்குள்ளேயே செத்துப்போகிற ஊர் அது. பதினேழு வீடு. சத்தம் நின்றதும் பதினேழு வீட்டிலும் கத்தி காய்கறியின் பாதியில் நின்றது, ஒரு கிழவர் காதில் கைவைத்துத் தனக்குத்தான் காது செவிடாகிவிட்டது என்று மருமகளிடம் சொன்னார், மருமகள் எனக்கும்தான் மாமா என்றாள், பிறகு இரண்டு பேரும் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்டது என்பதை யோசித்துப் பார்த்து வாசலுக்கு ஓடி வந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சி, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, அங்கியை ஏனோதானோ என்று சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"தண்ணி நின்னுபோச்சுங்க! ரெண்டு ஆச்சிங்க எனக்கு முதுகு தேச்சிவிட்டுட்டு இருந்தாவ, தொட்டியில இன்னும் யாரும் இறங்கல. அப்பிடியே நின்னுபோச்சு."

"நீ... துணி?"

"எல்லாரும் எப்பிடியோ அப்பிடித்தான். நமக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அதற்குள் நான் துண்டை மடித்துப் படுக்கை வைக்கிற அலமாரிக்குள் போட்டுக் கதவைத் தள்ளியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கிகுனோ அம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஊற்றுக்காரர் தொமேகிச்சி. தொட்டிகளைத் தேய்ப்பதும், குழந்தைக்கு வெந்நீர் பார்ப்பது போல முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பதும், தாழ்வாரத்தைத் துடைப்பதும் அவர் வேலை. நாற்பத்தொரு வருஷமாக அதே வேலை, அதே வீட்டின் பின்கட்டில் ஒரு அறை. இரண்டு பேரும் நெற்றி பாயில் படக் குனிந்தார்கள்.

"பெரிய அசௌகரியம் பண்ணிட்டோம். ஊற்று போயிடுச்சு, தொட்டியும் வத்திடுச்சு. நீங்க குளிச்சபோது தண்ணி நல்லா இருந்ததா? ஏதாச்சும் குறை தெரிஞ்சுதா?"

என் தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்து சிவந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"நான் இன்னும் குளிக்கவே போகலியே," என்றேன்.

தொமேகிச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கில் இறங்கி நுனியில் நின்று பாயில் விழுகிறவரை பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்தார்.

"அப்படின்னா கடைசியா தொட்டியில கை வச்சது நான்தான். மூணு மணிக்கு," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் எடை எனக்கு அப்போது தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்த கிகுனோ அம்மாள் சாதாரணமாக, குழம்பில் என்ன காய் என்று சொல்வது போலச் சொன்னாள். ஊற்று இதற்கு முன்பும் மூன்று முறை போயிருக்கிறது. போனதை யாரும் தேடுவதில்லை, தேடுவது மரியாதை இல்லை. கடைசியாகத் தொட்டித் தண்ணீரைத் தொட்டவர் யாரோ அவர் மேல்தான் ஊற்றுக்கு வருத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் நண்பகலுக்குள் திரும்பாவிட்டால் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டும், அவர் போனால் சில சமயம் ஊற்று மனமிரங்கித் திரும்பும். தொமேகிச்சிக்கு நகரத்தில் ஒரு மகள் இருக்கிறாள், ஒன்பதாவது மாடியில், பிளாஸ்டிக் தொட்டி வைத்த வீடு.

"விருந்தாளி தொட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"விருந்தாளி மேல தப்பே வராது," என்று அவள் சிரித்தாள். "அப்படி ஒரு வழக்கமே எங்ககிட்ட கிடையாது. சூப் ஆறிடும், சாப்பிடுங்க."

அவள் போனதும் அவள் சொன்னதையெல்லாம் பேச்சிக்குச் சொன்னேன், சொல்லும்போதே அறையில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சொட். கொஞ்சம் விட்டு, சொட். பேச்சி எழுந்து அலமாரிக் கதவைத் தள்ளினாள். உள்ளே இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி கிளம்பி அவள் முகத்தில் அடித்தது. துண்டு மடித்த மடிப்பு கலையாமல் உட்கார்ந்து, நாலு மூலையிலும் வெந்நீர் வடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்து வாஷ்பேசினில் பிழிந்தாள், பேசின் நிரம்பியது, மறுபடி பிழிந்தாள், மறுபடி நிரம்பியது. கைக்குப் பொறுக்கிற சூடு, குழாயடியில் வந்த அதே கந்தக வாசனை. பத்துப் பேசின் பிழிந்த பிறகும் துண்டு முதலில் இருந்த கனத்திலேயே இருந்தது.

"ஒரு ஊரோட தண்ணியில்லா இது," என்றாள் பேச்சி மெதுவாக. "துண்டோட இறங்குனியளா?"

நான் பேசினின் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன்.

"சொல்லிருங்க. போய் சொல்லிட்டு வந்துருங்க."

"சொன்னா நம்புவாவளா?"

"நம்புதது அவிய பாடு. சொல்லுதது உங்க பாடு."

"குளிக்கவே போகலன்னுட்டேன் பேச்சி."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுக்கு அடியில் ஒரு மரக்கிண்ணத்தை வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் துண்டை யுகாத்தாவுக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தொட்டியில் பிழிந்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். தொமேகிச்சி அங்கே இருந்தார். காய்ந்த தொட்டிக்குள் முழங்காலிட்டு, தண்ணீர் இருந்தால் எப்படித் தேய்ப்பாரோ அப்படிப் பலகை பலகையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து மன்னிப்புக் கேட்டார். நானும் குனிந்தேன். குனிந்தபோது என் இரண்டு கைகளிலிருந்தும் வெந்நீர் தாரையாக இறங்கித் தரையில் விழுந்து ஆவி பறந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னைக்கும் பனி விழும்போல," என்றார்.

அறைக்குத் திரும்பியபோது தாழ்வாரத்தில் நேற்று நான் சொட்டிக்கொண்டு வந்த தடம் எங்கேயும் இல்லை, பலகை துடைத்துத் துடைத்து மின்னியது. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படிப்பட்ட ஆள் நான்.

துண்டை அறைக்குள் வைத்திருக்க முடியவில்லை, பாய் நனைகிறது என்று மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். அது சொட்டிய இடத்தில் பனி உருகி ஒரு வட்டம் விழுந்தது. மத்தியானத்துக்குள் வட்டத்தில் மண் தெரிந்து, மண்ணிலிருந்து மார்ச்சில் வர வேண்டிய கொழுந்துகள் தலை நீட்டின. முதலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. பிறகு மூட்டுவலிக்காரக் கிழவர்கள் இரண்டு பேர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். முட்டை விற்கிற அம்மாள், ஊற்றில் அவித்து விற்றுப் பழகியவள், முட்டைக் கூடையை நேரே சொட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, "இந்த மூலையில என்னவோ காத்து கொஞ்சம் இதமா இருக்கு," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். தபால்காரப் பெண் வண்டியை அங்கேயே நிறுத்திக் கடிதங்களைப் பிரித்து அடுக்கினாள். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு ஊர் முழுவதும் ஒரு சிவப்புக் கட்டத் துண்டுக்குக் கீழே கையை விரித்துக் குளிர்காய்ந்தது, ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. மேலே பார்த்தால் ஜன்னலில் இருக்கிற எனக்குச் சங்கடமாகிவிடும் என்று அவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் புரிந்தபோது, ஜன்னலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வழக்கம் தொடங்கியது. ஊற்று போய்விட்டால் ஊரார் ஒவ்வொருவராகக் குளிக்க வருவது போலவே வருவார்கள். ஆண்கள் ஆண்கள் பக்கம், பெண்கள் பெண்கள் பக்கம். மணையில் உட்கார்ந்து, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவி, பிறந்தமேனியாகக் காலித் தொட்டிக்குள் இறங்கி, கழுத்துவரை தண்ணீர் இருப்பது போலக் காலை நீட்டிச் சாய்ந்து, மடித்த துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தங்கள் தப்பு ஒன்றைச் சொல்வார்கள். ஊற்று எங்கிருந்தாலும் கேட்கும். நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன்.

"என் டோஃபு இந்தப் பள்ளத்தாக்குச் சோயாலதான் செய்யறேன்னு பலகை மாட்டியிருக்கேன்," என்றார், சோயாப்பால் திரித்த கட்டி விற்கிற டோஃபுக்காரர், பல் தந்தியடிக்க. "வெள்ளம் வந்த வருஷத்துல இருந்து மூட்டை துறைமுகத்துல இருந்துதான் வருது."

"தெரியும்," என்றது தொட்டியிலிருந்து நாலைந்து குரல்.

"தெரியுமா? இருபது வருஷமா யாரும் சொல்லலியே!"

"டோஃபு நல்லா இருந்துச்சே."

எல்லோரும் சிரித்தார்கள், சிரித்ததில் கொஞ்சம் சூடு வந்திருக்க வேண்டும். அவர்கள் எவ்வளவு எளிதாகச் சொன்னார்கள். உள்ளே போக வேண்டும் என்று கதவில் கைவைத்தேன். கிகுனோ அம்மாள் பின்னாலிருந்து, "உங்களுக்கு இங்க குளிரும். விருந்தாளிங்க இதுல கஷ்டப்பட வேண்டாம்," என்று அன்பாகத் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பினாள். நானும் திரும்பிப் போனேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு எங்கள் பேருந்து. துண்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

"எடுத்துக்கிட்டா போறிய?" என்றாள் பேச்சி.

"இங்கயே விட்டுட்டுப் போனா தெரிஞ்சிரும்லா."

"தென்காசிக்குக் கொண்டுபோயி கொடியில காயப்போடணுமாக்கும். அந்த மனுசன் ஒம்பதாவது மாடியில போயி உக்காரணும், நாம வெந்நில முகம் கழுவணும்."

"நீ பேசாம வா."

"நான் பேசாம இருந்தா என் பேருக்கே அசிங்கம்."

நிறுத்தத்தில் பேருந்து என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது, ஓட்டுநர் இல்லை. இருக்கைப் பலகையில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். பேச்சி உட்காரவில்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் போனது. பாதையில் தொமேகிச்சி வந்தார். ஒரு கையில் துணி மூட்டை, மறு கையில் மரவாளி, வாளிக்குள் தேய்க்கிற பிரஷ். எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, பலகையில் என் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"ஓட்டுநர் வர லேட்டாகும்," என்றார். "தொட்டியில உக்காந்திருக்கான். மேல் நிறுத்தத்துல ஆள் இல்லைன்னு ஒருநாள் போகாம விட்டுட்டானாம், ஆள் இருந்திருக்காங்க. அதைச் சொல்லிட்டு வருவான்."

பெட்டியின் ஜிப்பிலிருந்து சொட்டியது. சொட். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பனியில் ஒரு கறுப்புத் துளை விழுந்தது. சொட். இன்னொன்று. நான் எதிரே இருந்த மரத்தைப் பார்த்தேன். அவரும் அந்த மரத்தைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ஒரு கையால் வாளியிலிருந்து பிரஷை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலால் வாளியை மெல்ல நகர்த்தி என் பெட்டிக்கு அடியில், சொட்டுக்கு நேரே வைத்தார்.

இனி பனியில் தடம் விழாது. அதுதான் அவர் நினைத்தது. தாழ்வாரம் விடிவதற்குள் மின்னிக்கொண்டிருந்தது ஏன் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஊரைவிட்டுப் போகிற நாளிலும் அந்த ஆள் என் தப்புக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அது நான்தான்," என்றேன்.

அவர் மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"மூக்கு நுனியில இருந்து சொட்டினதைப் பார்த்தேனே," என்றார். பிறகு ரொம்பவும் தயங்கி, "நீங்க சொல்லக்கூடாதுங்க. விருந்தாளி வெட்கப்பட்டா அது வீட்டுக்கு வெட்கம். நான் நாற்பத்தொரு வருஷம் பார்த்தாச்சு, போதும்," என்றார்.

வாளி நிரம்பி ஆவி வந்தது. அவர் இரண்டு கையையும் அதன்மேல் காட்டினார். விரல்கள் வெடித்து, நகக்கண்களில் மரச்சிராய் கறுத்திருந்தது. நான் எழுந்தேன். பேச்சி திரும்பவில்லை, ஆனால் பெட்டியின் பிடியை அவள்தான் முதலில் பிடித்தாள்.

விடுதி வாசலில் கிகுனோ அம்மாள் வழிமறித்து, வேண்டாம், நீங்கள் வேண்டாம் என்று குனிந்துகொண்டே இருந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போனேன். அவள் கையைத் தட்டிவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். ஆண்கள் பக்கத்தில் பதினொரு பேர் காலித் தொட்டியில் உதடு நீலமாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு நடுவே பேருந்து ஓட்டுநர், தொப்பியோடு, அவர் துண்டு கொண்டுவரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து, உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். நான் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துவைத்துவிட்டு, உடுத்தியதை எல்லாம் கழற்றினேன். கண்ணாடியில் அந்த வெளிறிய ஆள் இருந்தான். மணையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரை ஊற்றி, காதுமடல், கழுத்து, அக்குள், விரலிடுக்கு என்று அவனைத் தேய்த்தேன். பதின்மூன்று வருஷமாகத் தேய்க்காத மாதிரி அழுக்குத் திரண்டது. ஒன்றும் கட்டாமல் எழுந்து நின்றபோது, பதினொரு பேரும் எனக்காக நகர்ந்து இடம் விட்டார்கள். இறங்கினேன். துண்டை நாலாக மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

"நான் கழுவாம இறங்கினேன்," என்றேன். "துண்டோட இறங்கினேன். என் உடம்பைப் பார்க்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. அப்புறம் கேட்டப்போ குளிக்கவே இல்லைன்னு சொன்னேன். அவர் போகட்டும்னு விட்டேன். ரெண்டு நாள் விட்டேன். பஸ் சீக்கிரம் கிளம்பியிருந்தா விட்டிருப்பேன்."

 'தெரியும்' என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், விருந்தாளியிடம் அதையும் அவர்கள் சொல்லவில்லை. தலையில் துண்டு கனத்தது. முதலில் காதோரம் ஒரு கோடு இறங்கியது, பிறகு நெற்றி வழியாக, கண் வழியாக, வாய் வழியாக, இரண்டு தோளிலும் பொங்கி வழிந்து, பலகையில் பரவி, ஓட்டுநரின் பாதத்தைத் தொட, அவர் "ஆ" என்றார். கணுக்கால், முட்டி, இடுப்பு. மூச்சுவிட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தில் ஓடியதில் எது ஊற்று எது நான் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் கழுத்துவரை வந்ததும் துண்டு லேசானது. மேலே மரக்குழாய் இருமுறை செருமியது. பிறகு அந்தச் சத்தம்.

தொமேகிச்சி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே தொட்டி ஓரத்தில் குந்தி, முழங்கையைத் தண்ணீரில் விட்டார்.

"கொஞ்சம் சூடு கூட," என்றார்.

"பாவம், அறுநூறு வருஷத்துல அதுக்குத் துணின்னா என்னன்னே தெரியாது," என்று வெளியிலிருந்து கிகுனோ அம்மாளின் குரல் கேட்டது. "ஆசைப்பட்டுப் போயிருக்கு." அந்த ஊரில் பிறகு அப்படித்தான் சொன்னார்களாம், தப்பு ஊற்றின் மேல் போய்விட்டது. டோஃபுக்காரர் என் தலையைப் பார்த்து, "கட்டம் போட்டது அழகா இருக்கு. எங்க கிடைக்கும்?" என்றார்.

நடுவில் இருந்த மரத்தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பக்கத்திலிருந்து, பேச்சி கத்தினாள்: "கேட்டுச்சுங்க!"

"அவிய பாஷையில பேசினது உனக்கு என்னட்டி புரியும்?"

"நீங்க மன்னிப்புக் கேக்குத குரல் எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருஷத்துல ரெண்டு தடவ கேட்டிருக்கேன். தலையில கங்கைய வச்சிருந்த சாமிகூட இவ்வளவு நேரம் எடுக்கல."

அடுத்த பேருந்து மூன்று மணிக்கு. அதற்கு முன்னால் உடுத்திக்கொண்டு வெளியே வந்தபோது, தாழ்வாரம் முழுக்க நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஈரம். தொமேகிச்சி மூட்டையைப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தக் கோடியில் முழங்காலிட்டிருந்தார். மடித்த துணியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, பலகையின் ஓட்டத்திலேயே தள்ளிக்கொண்டு வந்தார்.

"குடுங்க, நான் துடைக்கிறேன்," என்றேன்.

"நீங்க விருந்தாளி," என்றார், நிமிராமல்.

துணி நான் நின்ற இடத்துக்கு வந்தது. நான் ஒரு காலைத் தூக்கினேன், பிறகு மற்றக் காலை. அவர் அந்த இடத்தையும் துடைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.